ஒருவர் தவறினால் குற்றமா?

2019ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் கருநாடகத்தில் நடந்ததொரு நிகழ்ச்சியை, வாசகர்களே, நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஹூப்ளியிலிருந்து மைசூர் செல்லும் ஹம்பி விரைவு வண்டி காலையில் பெங்களூரைச் சேர்ந்திருக்க வேண்டும், சேர்ந்ததோ பிற்பகலில். அவ்வண்டியில் மருத்துவக் கல்லூரிக்கான நீட் தேர்வை எழுத வந்த மாணவர்கள் சில நூறு பேர் இருந்தனர். அவர்கள் தேர்வுக்கூடத்தை அடையுமுன் வாயில் அடைக்கப்பட்டுவிட்டது. (நீட் என்னும் அத்தேர்வே ஆகாது என்பது நம் நிலை. அந்த வழக்கை இன்று ஒதுக்கி வைப்போம்.) நாடெங்கும் குரல் எழுந்தது. மத்திய அமைச்சர் தலையிட்டார். பானி புயலால் ஒடிசாவில் தள்ளிவைக்கப்பட்டிருந்த அதே தேர்வு மே 20ஆம் நாள் நடைபெற்றபோது, கருநாடக மாணவர்களுக்கும் அன்றே வாய்ப்பளிக்கப்பட்டது.

நல்லது, செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்த வண்டியில் சில நூறு பேர் இல்லாமல், ஒரே ஒரு மாணவி மட்டும் பயணம் செய்திருந்தால்? அமைச்சர் அறிக்கை விட்டிருப்பாரா? அவளுக்கென்று ஒரு வினாத்தாளும் ஒரு நாற்காலியும் கிடைத்திருக்குமா? வண்டியின் தாமதம் அதே தாமதம்தான்; அவள் குற்றமின்மையும் அதே குற்றமின்மைதான். எனினும் விடை என்னவாயிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நம் பல்கலைக் கழகங்களின் தேர்வு நீதி இந்த அளவுகோலைக் கொண்டுதான் அளக்கப்பட்டு வருகிறது. 2015 டிசம்பரில் பெருவெள்ளம் சென்னையைச் சூழ்ந்தது, தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டன. யாரும் மாணவரிடம் மருத்துவச் சான்று கேட்கவில்லை. ஊரே மூழ்கியபோது பல்கலைக் கழகத்தின் கண்ணுக்கு நீர் தெரிந்தது. ஒரு குடிசைக்குள் மட்டும் நீர் புகுந்தால், ஒரு வீட்டில் மட்டும் தந்தை மாண்டால், ஒரு மாணவனை மட்டும் டெங்குக் காய்ச்சல் படுக்கையில் வீழ்த்தினால், அப்போது மாணவனின் பெயருக்கு நேரே "வரவில்லை" என்ற குறியொன்று விழுகிறது. அடுத்த வாய்ப்பு ஆறு மாதங்கள் கழித்து.

ஆறு மாதம்தானே என்பர், மாதச் சம்பளம் வாங்குவோர். கடைசிப் பருவத்தில் ஒரு தாள் நின்றுபோன மாணவனைக் கேளுங்கள். வளாகத் தேர்வில் கிடைத்த வேலை, பட்டச் சான்றிதழ் கையில் இல்லாததால் கைநழுவுகிறது. மேற்படிப்புச் சேர்க்கை ஓராண்டு தள்ளிப்போகிறது. கல்விக் கடன் வாங்கிய தந்தைக்கோ வட்டி ஒரு நாளும் விடுமுறை எடுப்பதில்லை. மறுபடி எழுத மறுபடி கட்டணமும் கட்ட வேண்டும். நோயுற்றதற்கு அபராதம்!

விதியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அண்ணா பல்கலைக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைகளை எடுத்துப் பார்த்தால், உடல் நலக் குறைவாலோ எதிர்பாராத குடும்ப நிலையாலோ தேர்விலிருந்து "விலகிக்கொள்ள" ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது. படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு பருவத்தில் மட்டும் அந்த வழி திறக்கும். விண்ணப்பமோ பத்து நாள் முன்னறிவிப்போடு வரவேண்டும். நோய் பத்து நாளுக்கு முன்னே கடிதம் எழுதிவிட்டு வருமா என்ன? அசாதாரண நிலைமைகளைத் தகுதி நோக்கிப் பரிசீலிக்கலாம் என்ற வரி ஒன்றும் அங்கே உண்டென்பதை மறைக்கவில்லை. ஆயினும் பரிசீலிப்போரின் கருணையை நம்பி நிற்பது ஒன்று; உரிமையைக் கையில் வைத்திருப்பது வேறொன்று.

அவ்வழியாலும் மாணவனுக்குக் கிடைப்பது தேர்வன்று என்பதையும் கவனியுங்கள். சிறப்புத் தகுதியுடன் முதல் வகுப்புப் பெறும் தகுதி கெடாதென்ற ஆறுதல் மட்டுமே கிடைக்கிறது. தாளை அடுத்த பருவத்தில்தான் எழுதியாக வேண்டும். ஆறு மாதம் போனது போனதே.

பருவத் தேர்வின் கதை இதுவென்றால், கல்லூரிக்குள்ளேயே வைக்கப்படும் அகமதிப்பீட்டுத் தேர்வின் கதை இதனினும் மோசம். அதே பல்கலைக் கழகத்தின் எழுத்துத் தாள்களில் 2017 விதிமுறைப்படி நூற்றுக்கு 20ஆக இருந்த அகமதிப்பெண், 2021 விதிமுறையில் 40 ஆயிற்று. ஒரே நாளில் மூன்று மணி நேரத்தில் மாணவனின் தலைவிதியை எழுதிவிடாமல், ஆண்டு முழுதும் அவன் உழைப்பை அளக்க வேண்டும் என்ற நோக்கம் நல்ல நோக்கமே. ஆனால் எடை கூடிய தேர்வுக்கு ஏற்றபடி காப்பும் கூடிற்றா? தவறவிட்ட உள் தேர்வை மறுபடி வைப்பதும் வைக்காததும் பெரும்பாலும் துறைத் தலைவரின் மனத்தைப் பொறுத்தே நிற்கிறது. ஒரு துறையில் இரங்குவர். அடுத்த கட்டடத்தில் விரட்டுவர். தந்தை கல்லூரிக்கு நேரில் வந்து ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசக்கூடியவராயிருந்தால் மறுதேர்வு எளிதாகிறது. தந்தை நடவு வயலில் நின்றால்? அவர் மகள் அந்த அறையின் கதவருகே நின்றுவிட்டுத் திரும்புகிறாள். இது சாதாரணச் சிக்கலன்று, வாசகர்களே. படிப்பறியாத வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதிப்போருக்கு, எழுதாத விதிகள் அனைத்தும் பூட்டிய கதவுகளே. உயர்கல்வி சேர்க்கை விகிதம் நாட்டு அளவில் 28.4 ஆக இருந்த 2021-22ஆம் கல்வி ஆண்டில் தமிழ்நாட்டில் 47 என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சேர்த்துக்கொண்டவர்களைத் தேர்வறைவரை கொண்டுசெல்லும் பொறுப்பும் நமதன்றோ!

"தரம் என்னாவது?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும்; ஏனெனில் அந்தக் கேள்வி முற்றும் தீய கேள்வியன்று. 2020 ஆகஸ்டில் அன்றைய மாநில அரசு, கட்டணம் செலுத்திய மாணவர்களின் அரியர் தாள்கள் எழுதாமலே தேர்ச்சி பெற்றதாக அறிவித்தது. கொரோனாக் கொடுமையின் நடுவே பிறந்த அறிவிப்பு; மாணவர் ஆரவாரித்ததில் வியப்பில்லை. ஆனால் எழுதாத தாளுக்குத் தேர்ச்சி என்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 2021இல் தேர்வு நடத்தப்பட வேண்டியதாயிற்று. நம் கருத்தைக் கேட்டால், அந்த அறிவிப்பு மாணவர் கோரிக்கைக்கு நன்மை செய்யவில்லை. நியாயம் கேட்டவரை இனாம் கேட்டவராக ஊரார் பார்க்கும்படி ஆயிற்று. இன்று மாணவர்கள் கேட்பது மதிப்பெண்ணை அன்று, தேர்வை. வினாத்தாள் கடினமாகவே இருக்கட்டும், திருத்துபவர் கண்டிப்பாகவே இருக்கட்டும். எழுத ஒரு நாள் கொடுங்கள் என்கிறார்கள். இதில் தரம் எங்கே தாழ்கிறது?

மேலும், இப்படியொரு விதி இந்நாட்டில் எழுதப்பட்டதே இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 2020 ஜூலை 6ஆம் நாள் பல்கலைக் கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். இறுதியாண்டு மாணவர் எந்தக் காரணத்தால் தேர்வெழுத இயலாமற் போயினும், அவருக்குத் தீங்கு நேராவண்ணம் சிறப்புத் தேர்வு நடத்தலாம் என்றது அது. எந்தக் காரணத்தால் ஆயினும்! அவ்வளவு பெருந்தன்மையைக் காட்டிவிட்டு, இது 2019-20ஆம் கல்வியாண்டுக்கு மட்டும், ஒரு முறை மட்டும் என்று அடைப்பும் போட்டார்கள். அதே ஆண்டு, தொற்றினால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வைத் தவறவிட்டோர் 2021இல் நேரே அதை எழுதலாம் என்றும் அனுமதி தரப்பட்டது. கொள்ளைநோய் வந்தபோது முடிந்தது, தனி மனிதனுக்கு நோய் வரும்போது ஏன் முடியாது? மானம் இடிந்து விழுந்ததா? பட்டங்களின் மதிப்புக் கெட்டதா?

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில் மாணவர் பேரவை ஒரு கோரிக்கை வைத்தது: மாதவிடாய் நாள்களைக் கருதி மாணவியர்க்கு வருகைப் பதிவில் 2 விழுக்காடு சலுகை வேண்டும் என்பது. பல்கலைக் கழகம் இசைந்தது. அதே மாதம் கேரள அரசு அதனை மற்றப் பல்கலைக் கழகங்களுக்கும் விரிவாக்கியது. மாணவியர்க்குத் தேவையான வருகை 75இலிருந்து 73 விழுக்காடாயிற்று. பேறுகால விடுப்பும் சேர்க்கப்பட்டது. சிறிய கோரிக்கை, தெளிவான கோரிக்கை, எண்ணோடு வைக்கப்பட்ட கோரிக்கை. ஆனால் வருகையில் தந்த சலுகை தேர்வு நாளுக்குப் பயன்படாது. 73 விழுக்காடு வருகையுள்ள மாணவி, தேர்வு நாளில் வலியால் சுருண்டு கிடந்தால் அவள் நிலை முன்போலவே.

உத்தரப் பிரதேசத்தில் பொறியியல் மாணவி ஒருவர் பேறுகாலத்தில் தேர்வைத் தவறவிட்டார். கூடுதல் வாய்ப்புத் தர விதியில் இடமில்லை என்றது தொழில்நுட்பப் பல்கலைக் கழகம். இடமில்லையென்றால் இடம் செய்யுங்கள் என்ற பொருளில், விதி வகுக்கும்படி 2021இல் ஆணையிட்டது அலகாபாத் உயர்நீதிமன்றம். உயர்நீதிமன்றம்வரை சென்றதால் அவருக்கு வழி பிறந்தது. எத்தனை மாணவியர் செல்ல முடியும்?

ஆகவே கேட்க வேண்டியது இன்னதென்று தெளிவாகச் சொல்வோம். பருவத் தேர்வு முடிந்து முப்பது நாளுக்குள், தக்க காரணத்தால் தவறியோர்க்குத் துணைத்தேர்வு, கட்டணம் இல்லை. அகமதிப்பீட்டுக்கு மறுதேர்வு, துறைத் தலைவரின் தயவால் அன்று, அச்சிட்ட விதியால். நெருங்கிய உறவினர் மரணம், பேறுகாலம், மாதவிடாய் வேதனை, விபத்து, போக்குவரத்து முடக்கம் ஆகியவை காரணங்களாகப் பெயர் சொல்லி எழுதப்படவேண்டும். இரண்டு மூன்று நாள் நோய்க்கு மாணவரே எழுதித் தரும் அறிவிப்புப் போதும். இங்கிலாந்துப் பல்கலைக் கழகங்கள் சிலவற்றில் அவ்வாறு ஏற்கிறார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கவே காசில்லாதவனைச் சான்றிதழுக்குக் காசு கொடு என்பது என்ன நியாயம்? பொய் சொல்வோர் இருப்பர். சான்றிதழ் கேட்கும் இன்றைக்கும் இருக்கிறார்கள், விலைக்கு வாங்கிக்கொண்டு.

முறையிட வழியும் இருக்கிறது. மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டுக் குறைதீர் விதிமுறைகள், மதிப்பீட்டில் நியாயமற்ற நடைமுறையைக் குறையாகவே ஏற்கின்றன. குழு 15 வேலை நாளில் அறிக்கை தரவேண்டும். அதற்கு மேல் முறையிடக் குறைகேட்பாளர் உண்டு. அக்குழுவில் மாணவர் ஒருவரும் அமர்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்டவராக அன்று, மதிப்பெண்ணும் விளையாட்டுத் திறனும் பார்த்து நியமிக்கப்பட்டவராக! தேர்வு தவறியவனின் துயரைச் சொல்ல, தேர்வில் முதல்வனாக வந்தவனை அழைக்கிறார்கள். இருக்கட்டும், அந்த வாயிலையும் தட்டுவோம்.

தட்டும் முன், மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யட்டும். தத்தம் கல்லூரியில் சென்ற இரு பருவங்களில் தேர்வறைக்கு வராதவர் எத்தனை பேர், ஒவ்வொருவரும் வராததற்குக் காரணம் என்ன, அவருக்குப் பின் நேர்ந்தது என்ன என்பதை அவரவர் இசைவோடு கேட்டு எழுதட்டும். பெயரின்றி, காரணமும் கணக்கும் மட்டும் கொண்டு ஒரு பட்டியல் ஆக்கட்டும். ஹம்பி வண்டியில் வந்தவர்கள் ஒரே வண்டியில் வந்ததால் கண்ணுக்குத் தெரிந்தார்கள். தனித்தனி வீட்டில் தவறியவர்களை ஒரே தாளில் கொண்டுவந்து, அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் மேசைமீது வைக்க வேண்டும்.