கடல்நீரும் குரங்கணி நீரும்

குரங்கணி மலையடியில் நின்று கொட்டகுடி ஆற்றைக் காணும் நமக்கு, சென்னை மாநகருக்காகக் கடல்நீர் குடிநீராக்கப்படும் செய்தி தொலைவில் உள்ளதாகத் தோன்றலாம். உண்மை அதுவன்று.

கடல்நீர் இலவசம், அதன் உப்பை நீக்குவது இலவசமன்று. 1000 லிட்டர் நீரை வெறுமனே காய்ச்சி ஆவியாக்க, 600 யூனிட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்திற்கு நிகரான வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் ஆலைகளிலும் எரிபொருட் செலவு மிகுதியே. ஆறில்லாது எண்ணெய் வளம் உடைய வளைகுடா நாடுகள் அச்செலவைத் தாங்கின.

மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தொடங்கிய ஆலைகள், நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் தரும் திறனுடன் அமைக்கப்பட்டவை. நீரைக் காய்ச்சாமல், மிகுந்த அழுத்தத்தில் சவ்வின் வழியே செலுத்துவதால், 1000 லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும். ஆயினும் மீஞ்சூர் நீரின் ஒப்பந்த விலை 1000 லிட்டருக்கு 48 ரூபாய்க்கு மேல் இருந்தது. எஞ்சும் செறிந்த உப்புநீரோ கடலுக்கே திரும்புகிறது. 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது இவ்வாலைகள் கைகொடுத்ததை நாம் மறுக்கவில்லை.

எனினும், இதே பணியைக் கதிரவன் கூலியின்றிச் செய்கிறான். கடல்நீரை ஆவியாக்கி, காற்றிலேற்றி, நம் மலைச்சரிவில் மழையாய்ப் பொழிவிக்கிறான். சோலைக் காடுகளும் ஏலத்தோட்ட நிழல் மரங்களும் அதனை மண்ணில் தேக்கிச் சிறுகச் சிறுக ஆற்றுக்கு அளிக்கின்றன. அம்மரங்களை வெட்டினால், பெய்த மழை ஒரே நாளில் ஓடிவிடும்.

ஆகவே, கடற்கரை ஆலை இறுதிப் புகலாக இருக்கட்டும். காடும் ஏரியும் கண்மாயும் முதற்காப்பாகட்டும். இவற்றை அழியவிட்டு ஆலையை நம்புவது, வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டுக் குடத்து நீரை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும்.