'டேக்' என்றால் 'எடு' மட்டும்தானா?



"'டேக்' என்ற சொல்லுக்கு 25 அர்த்தங்கள், மனப்பாடம் செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. உங்களில் சிலர் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்து ஒப்பிக்கச் சொல்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். இதனால் ஆங்கிலம் வராது, பயம்தான் வரும்.

நம்ம 'எடு'வையே பாருங்கள். பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறான், தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், வாத்தியார் பாடம் எடுக்கிறார். இதற்கு யார் நமக்குப் பட்டியல் கொடுத்தார்கள்? பக்கத்துச் சொல்லோடு சேர்த்தே கேட்டோம், பேசினோம், வந்துவிட்டது.

'டேக்' சொல்லும் அப்படித்தான். போட்டோ 'எடு' என்பதற்கு 'டேக் எ போட்டோ' சரி. ஆனால் மாத்திரை 'சாப்பிடு' என்பதும் 'டேக் எ டேப்லெட்' தான். கள்ளக்குறிச்சி போக அரை மணி நேரம் 'ஆகும்' என்றால் 'இட் டேக்ஸ் ஹாஃப் அன் அவர்'. 'ஈட் டேப்லெட்' என்று எழுதும் பிள்ளை மக்கு இல்லை. தெரிந்த தமிழை வைத்து ஒழுங்காக யோசித்திருக்கிறது. திட்டாமல் சரியான தொடரைச் சொல்லிக்கொடுங்கள்.

1930ல் ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 850 சொற்களில் 'பேசிக் இங்கிலீஷ்' அமைத்தார். அதில் வினைச்சொற்கள் வெறும் 18. டேக், கெட், புட் எல்லாம் அதில் உண்டு. இந்தச் சின்னச் சொற்கள் துணைச் சொல்லோடு சேர்ந்துதான் இத்தனை வேலை செய்கின்றன. துணையைப் பிரித்துவிட்டுத் தனியாக அர்த்தம் கேட்பதில் என்ன பயன்?

கல்வராயன் மலையிலிருந்து வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வரும் பிள்ளை, நான்காவது அர்த்தத்தில் தடுமாறினால், "உனக்கு இங்கிலீஷ் வராது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். அதன்பிறகு கல்லூரியிலும் அது வாய் திறப்பதில்லை. இந்தப் பாவம் யாருக்கு?

"பரீட்சைக்கு அர்த்தம் வேண்டாமா சார்?" என்பீர்கள். வேண்டும், வாக்கியத்தோடு வேண்டும். பாட்டிக்கு மாத்திரை கொடுக்கும்போதே "டேக் யுவர் டேப்லெட், பாட்டி" என்று பிள்ளையைச் சொல்லவிடுங்கள். பஸ் ஏறும்போது ஒன்று, போட்டோ எடுக்கும்போது ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு தொடர் போதும்.

பிள்ளைகள் சொந்தமாக எழுதிய வாக்கியங்களை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். பட்டியலை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்!