இலவச மாத்திரைக்கும் விலை உண்டா?



அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். ஆனால், கிராமத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பாட்டி அதை வாங்க, பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று திரும்பினால், அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலிதான், மாத்திரைக்கு அவர் கொடுக்கும் விலை!

அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தி விடுவோர் உண்டு. சர்க்கரை நோயும், ரத்தக் கொதிப்பும் ஆரம்பத்தில் வலிக்காது. பலருக்கு, கண், இதயம், சிறுநீரகம் கெட்ட பிறகுதான் தெரியும்.

இதை மாற்றத்தான், வீட்டுக்கே போய் பரிசோதித்து மாத்திரை தரும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்ட் 5ல், கிருஷ்ணகிரி மாவட்டம், சாமனப்பள்ளி கிராமத்தில் துவங்கியது. 2024ல், ஐ.நா., விருதும் பெற்றது.

அதே மாவட்டத்தின் ஓசூரில், தொழிற்சாலை வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களுக்கு மொழியும் ஒரு தடை. எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லத் தெரியாமல் தவிப்பர்.

உங்கள் தெருவில், மாத்திரையை நிறுத்திய பாட்டியோ, தமிழ் தெரியாத தொழிலாளியோ இருக்கிறாரா? அப்பா, அம்மாவிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியப்படுத்துங்கள். அவர்கள் மொழி தெரிந்தால், உடன் போய்ப் பேசி உதவுங்கள்.

செய்வீர்கள்தானே!