பாடநூலின் மூலையில் ஒரு சதுரம்

மதிப்பிற்குரிய தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி அமைச்சர் அவர்களுக்கும் பாடநூல் குழுவினருக்கும்,

2018இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகளை (QR code) அச்சிட்டீர்கள். அச்சையும் திரையையும் இணைத்த அந்த முயற்சியை மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த பதிப்புக்கு ஒரு வேண்டுகோள்: குறியீடு திறந்த பிறகு பிள்ளையின் கைக்கு என்ன வேலை என்பதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

கணக்குப் புத்தகத்தின் 'இணையச் செயல்பாடு' பகுதியைப் பாருங்கள். உரலி (இணைய முகவரி), படி 1, படி 2 என்று போய், செய்து பார்க்கும் முன்பே 'எதிர்பார்க்கப்படும் விளைவு' படமாக நிற்கிறது. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் முனையை இழுத்தால் கோணங்கள் மாறும். கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையை விட்டு நகராது. அருமையான பாடம். ஆனால் அதற்கு முன் பிள்ளை காகிதத்தில் முக்கோணம் வெட்டி, மூன்று முனைகளையும் கிழித்து, ஒரு கோட்டின்மேல் சேர்த்து வைத்துப் பார்க்கட்டும். வெட்டிய விளிம்பு முழுக்க நேராக இருக்காது; நடுவே மயிரிழை இடைவெளி விழும். "டீச்சர், எனக்கு ஏன் சரியா சேரலை?" என்று கேட்பாள். திரையைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான்.

கையையும் கணினியையும் இணைப்பது உலகில் ஏற்கெனவே நடந்ததுதான். கல்வியாளர் சீமோர் பேப்பர்ட்டின் லோகோ நிரல்மொழியில் தரையில் ஊரும் ஆமைக்குக் கட்டளை எழுதத் தடுமாறும் குழந்தையிடம், நீயே ஆமையாகி நடந்து பார் என்பார்கள். ஓரடி வை, கொஞ்சம் திரும்பு, மறுபடி ஓரடி. வட்டம் காலுக்குப் புரிந்துவிடும். 2016இல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகைகளை ஏறத்தாழ 10 லட்சம் இலவசமாகக் கொடுத்தார்கள். 25 சிறு விளக்குகளும் அசைவை அறியும் உணரியும் கொண்ட அந்தப் பலகை உள்ளங்கையில் அடங்கும். நிரலை ஏற்றிவிட்டால் இணையம் வேண்டாம், பேட்டரி போதும்.

நமக்கும் இது புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலின் அட்டைகள் பிள்ளைகளின் கையில்தான் இருந்தன. 2022இன் எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஆடலும் பாடலும் பொம்மையும் உண்டு. இவற்றோடு திரையைக் கோக்கும் வேலைதான் பாக்கி.

எனவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் மேலே, புளியங்கொட்டையோ தீக்குச்சியோ கொண்டு முதலில் செய்யும் வேலை ஒன்றை அச்சிடுங்கள். பல வீடுகளில் இருக்கும் ஒரே போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. அதனால் இணையம் இல்லாமலும் இயங்கும்படி குறியீடு திறக்கும் பாடங்களைப் பள்ளிக் கணினியிலேயே ஏற்றிக் கொடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன், இவற்றை உருவாக்கியவர்களே ஏதாவதொரு ஈராசிரியர் பள்ளியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, வாய் திறந்து உதவாமல், விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொண்டு வரட்டும்.

அன்புடன்,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை