சுழலும் விளக்குக்கு வழிவிடுக

ஒரு காலத்தில் சுழலும் சிவப்பு விளக்கைக் கண்டால், அமைச்சர் வருகிறார் என்று சாலையே ஒதுங்கியது. 2017 மே 1 முதல் அமைச்சர், அதிகாரி எவர் காரிலும் அந்த விளக்குக்கு இடமில்லை. ஆம்புலன்சு, தீயணைப்பு வண்டி, போலீஸ் வாகனம் போன்ற அவசரப் பணிகளுக்கே விளக்கு உண்டு. பதவிக்கு ஒதுங்கிய சாலை, உயிருக்கு ஒதுங்கத் தயங்கலாமா?

பெங்களூர் ஓசூர் சாலையைப் பார்த்தாலே போதும். விபத்தில் தலையில் அடிபட்டவரை ஓசூர்ப் பக்கமிருந்து நிமான்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வண்டி, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் திணறுகிறது. அங்கே வீணாகும் நிமிஷங்கள் நோயாளியின் ஆயுளில் கழிகின்றன.

செய்ய வேண்டியது சுலபம். கண்ணாடியில் விளக்குத் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, சைகை காட்டி, இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். பதறித் திடீரென பிரேக் போடுவது ஆபத்து. ஆம்புலன்சின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பறப்பதும் தவறு. அடுத்து இன்னொரு வண்டி வரக்கூடும்.

'காலி வண்டிதானே' என்று சிலர் வழி மறிக்கிறார்கள். காலி வண்டி நோயாளியை ஏற்றப் போவதாக இருக்கலாமே! ஓட்டுநர் அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது.

2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தண்டனைக்கு அஞ்சித்தான் ஒதுங்க வேண்டுமா? ஆட்டோவும் லாரியும் கம்பெனி வேனும் ஓட்டும் நம்மவர்கள் இந்நகரில் ஏராளம். இதில் அவர்கள் முன்மாதிரியாக விளங்கட்டும்.