மண்ணில்லாத மந்திரிசபை

2019ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களை வாசகர்கள் சற்றே நினைவுபடுத்திப் பார்க்க வேண்டுகிறோம். அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீனக் குடியரசுத் தலைவரும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். பிரதமர் வேட்டி கட்டி வந்தார். அர்ச்சுனன் தபசையும், ஐந்து ரதங்களையும், கடற்கரைக் கோயிலையும் இருவரும் சுற்றிப் பார்த்தனர். உலகத்தின் இரண்டு பெரிய நாடுகள் நம் கடற்கரைக்கு வந்துபோயின. அடுத்த மாதம் 29ஆம் நாள், காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. டிசம்பர் பிறந்ததும் வந்தது மூன்றாவது செய்தி: 'கைலாசா' என்றொரு புது நாடு உதயமாகிவிட்டது! அதை உண்டாக்கியவர் திருவண்ணாமலையில் பிறந்த நித்தியானந்தா.

முதற்செய்தியைப் பற்றி எழுதாத ஏடு இல்லை. மூன்றாவது செய்தியைப் பற்றிச் சிரிக்காத வாய் இல்லை. நடுவிலே நின்ற இரண்டாவது செய்தியைத்தான் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்த அதிசய நாட்டைப் பார்த்துவிடுவோம். கொடி உண்டு என்றார்கள். கடவுச்சீட்டு உண்டு என்றார்கள். பிரதமர் உண்டு, அமைச்சரவை உண்டு, அமைச்சரவை நாள்தோறும் கூடுகிறது என்றெல்லாம் செய்தி வந்தது. கருவூலத்துக்கு ஒரு துறை, வணிகத்துக்கு ஒரு துறை, வீட்டுவசதிக்கு ஒரு துறை, கல்விக்கு ஒரு துறை, உள்நாட்டுப் பாதுகாப்புக்கு ஒரு துறை! 2020 ஆகஸ்டில், பிள்ளையார் சதுர்த்தியன்று, ரிசர்வ் வங்கியும் நாணயமும் கூட அறிவிக்கப்பட்டன. எல்லாம் இருந்தன, நாடு எங்கே இருக்கிறது என்ற விவரம் மட்டும் இல்லை. ஈக்வடார் அருகே தீவு வாங்கிவிட்டார் என்று பேச்சு எழுந்தபோது, புகலிடமும் தரவில்லை, தீவு வாங்க உதவவும் இல்லை என்று அந்நாட்டு அரசே மறுத்தது.

வீடற்றவனுக்கு வீட்டுவசதி அமைச்சர் வேண்டும், நியாயம். நாடே அற்ற நாட்டில் வீட்டுவசதி அமைச்சர் எந்த மனையை அளந்து எவருக்குப் பட்டா கொடுப்பார்? வரி கொடுக்கக் குடிமகன் இல்லாதபோது கருவூல அமைச்சர் எதைப் பூட்டிச் சாவியை இடுப்பிலே செருகுவார்? நாடக மேடையில் அட்டைக் கிரீடம் சூடிய ராஜபார்ட்டுக்காரர் கூட விடிந்ததும் கிரீடத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வீடு திரும்புவார். இவர்களுக்கு விடிவதேயில்லை.

நகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் நாமும் எண்ணினோம். ஆனால் நடந்தவை வெறும் நகைப்புக்குரியவை அல்ல. 2023 சனவரியில் அமெரிக்காவின் நியூவர்க் நகரம் இந்த நாட்டோடு 'சகோதர நகரம்' ஒப்பந்தம் செய்துகொண்டு, சில நாளிலேயே ஏமாந்தோம் என்று ரத்து செய்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் குழுக்களின் கூட்டத்தில் கைலாசாவின் தூதர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பேசினார். யாரும் கலந்துகொள்ளத்தக்க பொது விவாதம் அது, சொல்லப்பட்டவை கருத்தில் கொள்ளப்படமாட்டா என்று ஐ.நா. அலுவலகம் விளக்கம் தர வேண்டியதாயிற்று. ஆண்டு முடிவதற்குள் பராகுவே நாட்டு வேளாண் அமைச்சகத்தின் உயர் அதிகாரி ஒருவர், இவர்களோடு உடன்பாட்டில் கையொப்பமிட்ட குற்றத்துக்காக வேலையை இழந்தார். 2025இல் பொலிவியாவில் கதை இன்னும் கசப்பானது. அமேசான் காட்டுப் பழங்குடி மக்களிடம் ஆயிரம் ஆண்டுக் குத்தகைக்கு நிலம் எழுதி வாங்கியது வெளிப்பட்டு, தொடர்புடைய 20 பேரை அந்நாட்டு அரசு நாடுகடத்தியது.

ஆயிரம் ஆண்டுக் குத்தகை! நம் செங்கற்பட்டுச் சீமையின் குத்தகைக்காரர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். எழுத்தறியாதவனின் கைநாட்டை வாங்கிக்கொண்டு நிலத்தைக் கொண்டுபோகும் வித்தைக்குக் காவியும் கொடியும் கட்டினால் அதற்குப் பெயர் அரசாங்கமா?

இதற்கிடையே அவர் மீது கர்நாடகத்தில் பாலியல் வன்கொடுமை வழக்கு இருக்கிறது. குஜராத்தில் குழந்தைகளை அடைத்து வைத்ததாக 2019 நவம்பரில் பதிவான வழக்கு இருக்கிறது. குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். மறுக்கட்டும், மறுக்க வேண்டிய இடம் நீதிமன்றம். குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பெழுதுவது நம் வேலையல்ல. ஆனால் அழைப்பாணை வரும்போது சாட்சிக் கூண்டில் ஏறாமல் சிங்காதனத்தில் ஏறிக்கொள்ளும் ஒரு புதுவழியை நாடு அனுமதித்தால், நாளை ஒவ்வொரு மடாதிபதியும் மந்திரிசபை அமைப்பார்.

இத்தகைய குட்டி ராஜ்யங்கள் புதியவையல்ல. 1967இல் இங்கிலாந்துக் கரைக்கப்பால், போர்க்காலத்தில் கட்டிக் கைவிட்ட கடற்கோட்டை ஒன்றில் ஏறிய ஒருவர் அதைச் 'சீலாந்து' என்ற நாடாக அறிவித்தார். 1970இல் ஆஸ்திரேலியாவில், கோதுமை விற்பனைக்கு அரசு விதித்த அளவுக் கட்டுப்பாட்டை எதிர்த்த உழவர் ஒருவர் தம் பண்ணையைத் தனி நாடாக்கித் தம்மை இளவரசராக்கிக்கொண்டார். அவருக்கு இருந்தது உண்மையான குறை. அதனால் அவர்மேல் நமக்குக் கோபம் வரவில்லை. வரிபாக்கியோடு அந்த 'நாடும்' 2020இல் முடிவுற்றது. நம் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரர் கொடியும் ஒருநாள் இறங்கிற்று. இன்று அங்கே கல்லறைகளும் இடிந்த மதில்களுமே மிச்சம்.

சிறிய நாடு என்பதற்காக நாம் ஏளனம் செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். துவாலு என்ற தீவு நாட்டின் மக்கள்தொகை நம் பெரிய கிராமம் ஒன்றளவே. அதன் மன்றத்தில் 16 உறுப்பினர்கள். ஆயினும் அந்த 16 பேரையும் மக்கள் வாக்களித்து அனுப்புகிறார்கள், வேண்டாமென்றால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அமைச்சரவை சிறிதா பெரிதா என்பதல்ல கேள்வி. யாருக்குக் கணக்குச் சொல்கிறது என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 1100 ஆண்டுக்கு முன்பே, ஓர் ஊரின் 'அமைச்சரவை' எப்படி அமைய வேண்டும் என்று பேசுகிறது. 30 குடும்புகள்; குடத்தில் ஓலையிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரக்கூடாது. அவன் உறவினரும் வரக்கூடாது! நிலமும் வேதமும் உடைய சாதியாரின் சபை அது. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் ஓலை இல்லை என்பதை மறைத்துப் பெருமை பேச மாட்டோம். ஆனால் அந்தக் கணக்கு விதி ஒன்றை இன்று அமல்படுத்தினால் எத்தனை நாற்காலிகள் காலியாகும்!

அமைச்சரவையின் சேர்க்கை என்பது அலங்காரமல்ல. 1954இல் காமராசர் எட்டே பேரைக் கொண்டு மந்திரிசபை அமைத்தார். தலைமைத் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியம் அதில் இருந்தார். தாழ்த்தப்பட்ட சமுதாயத்துப் பரமேசுவரனிடம் அறநிலையத்துறை தரப்பட்டது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவனுக்குக் கோயில் சாவி! 1967 மார்ச் 6ஆம் நாள் காஞ்சியில் பிறந்த அண்ணா ஒன்பது பேரோடு ஆட்சி அமைத்தபோது, அந்த ஒன்பதில் சத்தியவாணி முத்து இருந்தார், சாதிக் பாட்சா இருந்தார். பட்டியலைப் படித்தவன், 'நம்மவர் ஒருவர் அங்கே இருக்கிறார்' என்று நிமிர்ந்தான். குரு ஒருவர், சீடர்களுக்கு இலாகா பிரித்துக் கொடுக்கும் பட்டியலில் எவன் நிமிர்வான்?

இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். கைலாசாவுக்கு மந்திரிசபை சில நாளில் அமைந்துவிட்டது. செங்கற்பட்டு மாவட்டத்துக்கோ, அது பிறந்த மறுவாரமே, டிசம்பர் 6ஆம் நாள், புதிதாகப் பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் வார்டு எல்லை வரையறை முடியவில்லை என்று உச்ச நீதிமன்றம் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தது. மற்ற மாவட்டத்தார் அந்த மாதமே வாக்களித்தனர். நம் மக்கள் வாக்களித்தது 2021 அக்டோபரில். 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின், ஐந்து ஆண்டுகள் ஊராட்சிகளில் தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை. தனி அலுவலர் ஆட்சி! மாமல்லபுரம் போன்ற பேரூர்களின் நிலை இன்னும் மோசம். 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. இரண்டு வல்லரசுகளின் தலைவர்கள் வந்து நின்ற ஊரில், தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட, மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் ஆள் இல்லை!

கோவளத்திலும் தேவநேரியிலும் கொக்கிலமேட்டிலும் மீனவர்கள் தங்கள் ஊர்ப் பஞ்சாயத்தைக் கொண்டு வலைத் தகராறு தீர்த்துக்கொண்டார்கள். குப்பைக்கும் குடிநீருக்கும் கடலரிப்புக்கும் அது போதுமா? போதவில்லை.

இதற்கு ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லித் தப்பிவிட நமக்கு மனமில்லை. வழக்குப் போட்டவர்கள் உண்டு, வழக்கைச் சாக்காக்கித் தூங்கியவர்கள் உண்டு. ஆட்சி மாறியும் பழக்கம் மாறவில்லை. 2019 டிசம்பரில் வாக்களித்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகள், 2025 சனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் கைக்கே போயின. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243ஈ பிரிவு சொல்கிறது. நம்மவர்களும் அதைப் படிக்க வேண்டும்.

செங்கற்பட்டு மாவட்ட ஊராட்சிகள் 2021 அக்டோபரில் பொறுப்பேற்றன. அவற்றின் ஐந்தாண்டு முடிவது 2026 அக்டோபரில். வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வாக்காளர் பட்டியல் ஆகிய மூன்றும் அதற்கு முந்தியே முடிய வேண்டிய வேலைகள். எந்த அதிகாரி மேசையில் எந்தக் கோப்பு நிற்கிறது என்பதை மாநிலத் தேர்தல் ஆணையம் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறோம்.