சபுரும் வலிமருந்தும்

"சபுர் செய்யுங்கள்" என்பது, வலியால் துடிக்கும் நோயாளியிடம் நாம் எளிதாகச் சொல்லிவிட்டு வரும் சொல். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இளையான்குடியிலும், புற்றுநோயுற்ற அத்தாவும் மூட்டுவாதத்தால் முடங்கிய அம்மாவும் இச்சொல்லைக் கேட்டே இரவுகளைக் கழிக்கின்றனர். மருந்து கேட்டால் ஈமான் குறைந்ததாகப் பிறர் எண்ணுவரோ என அஞ்சி நோவை மறைக்கின்றனர். நாம் கேட்கின்றோம்: பிறருடைய வலியை நாம் பொறுத்துக்கொள்வது எப்படிச் சபுராகும்?

சபுருக்கு இலக்கணமான அய்யூப் நபி (அலை) அவர்களே தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். திருமறை அம்முறையீட்டை மறைக்கவில்லை. அவர்களைப் பொறுமையாளர் என்றே போற்றுகின்றது. நோய்க்கு மருந்து செய்யுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நோயாளிக்கு நோன்பிலேயே சலுகை தந்த மார்க்கம், வலிமாத்திரைக்கா தடை விதிக்கும்?

"மார்பின் போதைப்பொருளாயிற்றே!" என்பார் உளர். மயக்கம் நாடி உண்பது வேறு. மருத்துவர் அளந்து தர, வலி தீர உண்பது வேறு. 11ஆம் நூற்றாண்டிலேயே இப்னு ஸீனா வலிபோக்கும் மருந்துகளுள் அபினையும் வைத்து எழுதினார். புற்றுநோய் வலிக்கு எளிய மாத்திரையில் தொடங்கி, தேவைப்படின் மார்பின் வரை, வேளை தவறாது தருக என உலக சுகாதார நிறுவனம் 1986இல் படிமுறை வகுத்தது.

மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்துடன் அபின் விளைகின்றது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் இம்மருந்து நம் நோயாளிகளுக்கு எட்டாக்கனியாயிற்று. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.இராஜகோபாலும் தோழர்களும் தொடங்கிய தணிப்பு மருத்துவப் பணி வழிகாட்டிற்று. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் இளகிற்று, நம் மனம் இளகவில்லையே!

மறுபுறம் ஒரு மடமையும் உண்டு. மருத்துவரைக் காணாமலே மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்றவற்றை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகின்றோம். அவை இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து இன்னும் மிகுதி. முடக்குவாதத்திற்கு, வலியை மட்டும் மறைக்காமல் நோயையே அடக்கும் மெதோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் உள்ளன. உரிய மருத்துவரிடம் உரிய காலத்தில் அழைத்துச் செல்வதே நம் கடமை.

2012இல் சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், படுக்கையில் கிடப்போர்க்கு வீடு தேடி வரும் தணிப்புச் சிகிச்சையும் அடங்கும். இவற்றை ஜும்ஆ பயானில் எடுத்துரைக்க ஆலிம்களும், ஏழை நோயாளிக்கு வழிச்செலவு தர ஜமாஅத்தாரும் முன்வரட்டும்.

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வோரே! பழக்கூடையோடு ஒரு கேள்வியையும் கொண்டு செல்லுங்கள்: "நேற்றிரவு வலியின்றி உறங்கினீர்களா?" இல்லையென்று பதில் வந்தால், துஆவோடு நில்லாமல் மருத்துவரையும் தேடுங்கள். சபுரை அவர்கள் அறிவார்கள். இரக்கத்தை நாம் கற்போம்.